ஏழாம் அத்தியாயம்: பங்க் கேட்கும் பிள்ளைக்குப் பெரிய பாட்டு

வீட்டில் ஒரு பிள்ளை பங்க் ராக் கேட்கிறது என்றால் முதலில் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸில் வந்து விழும் 15 நொடித் துணுக்குகளைத் தாண்டி, ஒரு குழுவின் பெயர் தெரிந்து, அவர்களுடைய ஆல்பத்தைத் தேடிப் பிடித்து, வரிகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு திரியும் பிள்ளை அது. பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியை நாம் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

நான் ஒருமுறை கெடுத்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்கா மகளுக்கு 17 வயது. அம்பர்நாத் கிழக்கிலிருந்து மாட்டுங்காவில் உள்ள கல்லூரிக்குத் தினமும் மும்பை லோக்கல் ரயிலில் போய்வருகிறாள். கறுப்பு டி-ஷர்ட், பையில் ஊக்கு குத்திய துணி பேட்ஜுகள், காதில் ராமோன்ஸ், தி கிளாஷ், பேட் ரிலிஜன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, அவளை உட்காரவைத்து யெஸ் என்ற ப்ரோக்ரஸிவ் ராக் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாட்டைப் போட்டேன். 1972-இல் வந்தது, 18 நிமிடத்துக்கும் மேல் ஓடும். முதலில் நீரோடைச் சத்தமும் பறவைச் சத்தமும் வரும். பிறகு கிடார், ஆர்கன், டிரம்ஸ் எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பாயும். பாடகர் முதல் அடிக்கு வந்து சேரவே ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகிவிடும். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது நிமிடத்தில் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. 1976-இல் வந்த ராமோன்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாடல்கள். மொத்தம் 29 நிமிடம். அந்தக் கணக்கில் வளர்ந்த காதுக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது பாதி ஓடியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. பாட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். சாப்பிட்ட மயக்கத்தில் கேட்கவைத்தேன். கேட்பவர் முகத்தைப் பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போலப் பார்த்தேன். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, பாட்டைப் போடுவதற்கு முன்னால் "இதைக் கேளு, இதுதான் நிஜமான இசை" என்று சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தில் அவள் நேசிக்கிற எல்லாவற்றையும் பொய்யென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஆறு மாதம் அவள் என்னிடம் பாட்டைப் பற்றியே பேசவில்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: ப்ரோக்ரஸிவ் ராக்கை, சுருக்கமாக ப்ரோக்கை, பங்குக்கு மேல்வகுப்பாகக் கொண்டுபோகாதீர்கள். பங்க் ஆரம்பப் பள்ளியும் அல்ல, ப்ரோக் பட்டப்படிப்பும் அல்ல. கட்டபொம்மன் கதை தெருக்கூத்தில் விடிய விடிய நடக்கும். அதே வீரத்தை நாலு வரி நாட்டுப்பாட்டும் சொல்லிவிடும். நாலு வரிப் பாட்டை யாரும் கூத்தின் குட்டி என்று சொல்வதில்லையே.

சண்டையின் கதையைச் சொல்லிவிடுங்கள்

பங்க் கேட்கும் பிள்ளைக்கு ப்ரோக் என்றாலே எதிரி என்று எங்கோ ஓர் இடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜானி ராட்டன், அதாவது ஜான் லைடன், பிங்க் ஃப்ளாய்ட் டி-ஷர்ட் ஒன்றை எடுத்து அந்தப் பெயருக்கு மேலே 'நான் வெறுக்கிறேன்' என்று பொருள்படும் வார்த்தைகளைக் கிறுக்கி அணிந்த கதை பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இதை மறைக்க வேண்டாம். வெறுப்புக்குக் காரணமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஜெனிசிஸ் குழு சார்ட்டர்ஹவுஸ் என்ற பணக்காரத் தனியார் பள்ளியில் உருவானது. யெஸ் குழுவில் கீபோர்டு வாசித்திருந்த ரிக் வேக்மன் 1975-இல் ஆர்தர் மன்னன் கதையை லண்டன் வெம்பிளியில் பனித்தரையில் சறுக்காட்டக்காரர்களை வைத்து நடத்தினார். வேலையில்லாமல் தெருவில் நின்ற இங்கிலாந்து இளைஞனுக்கு அதைப் பார்த்துக் கோபம் வந்தது நியாயம். அந்தக் கோபத்தின் பக்கம் நின்றுகொண்டே பேசுங்கள். நம் பேச்சில் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கும்.

பிறகு மறுபாதியைச் சொல்லுங்கள். 1977 ஜூலையில், பங்க் அலை உச்சத்தில் இருந்தபோது, லண்டன் கேப்பிடல் ரேடியோவில் தனக்குப் பிடித்த பாட்டுகளைப் போட லைடனை அழைத்தார்கள். அவர் போட்டவற்றில் பீட்டர் ஹாமிலும் இருந்தார். ஹாமில் யார்? வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற கறாரான ப்ரோக் குழுவின் பாடகர். அவர் 1975-இல் போட்ட 'நாடிர்ஸ் பிக் சான்ஸ்' என்ற தனி ஆல்பத்தில், இங்கிலாந்தில் பங்க் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, பங்க் ஒலி கேட்கிறது. தி டேம்ட் என்ற பங்க் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1977-இல் தயாரித்தவர் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசன். வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் பங்குக்கு வருவதற்கு முன்னால் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்த குழு. அந்த மின்னல் வேகம் அங்கே பழகிய விரல்களிலிருந்து வந்தது. என் மருமகளின் உயிரான பேட் ரிலிஜன் 1983-இல் 'இன்டு தி அன்நோன்' என்று கீபோர்டு நிறைந்த ஓர் ஆல்பமே போட்டது. பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள் என்றாலும் அது இருக்கிறது, கேட்கலாம்.

இந்தத் தகவல்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள். நான் பேட் ரிலிஜன் செய்தியை மட்டும் ஒரு நாள் சொல்லிவிட்டு எழுந்து போனேன். மறுநாள் காலை அவளே அந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்டிருந்தாள். பிடிக்கவில்லையாம். "ஆனா ஏன் போட்டாங்கன்னு யோசிக்கிறேன் மாமா" என்றாள். ஆறு மாத மௌனம் அன்று முடிந்தது.

ரயில் நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்

பாட்டின் நீளம்தான் பங்க் ரசிகருக்கு முதல் தடை. இதற்கு நம்மிடம் கைவசம் மருந்து உண்டு. அம்பர்நாத், பத்லாப்பூர், கல்யாண், டோம்பிவிலியில் குடியிருந்து தாதர் பக்கம் போய்வருகிற எவருக்கும் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ரயிலில் போகிறது. தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்த நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே நீளமான பாட்டைக் கேட்கும் அவகாசம் இருக்கிறது. நிமிடக் கணக்கைச் சொல்லாமல் ஸ்டேஷன் கணக்கைச் சொல்லுங்கள்.

அம்பர்நாத்தில் வண்டி நகரும்போது தொடங்கி, உல்லாஸ்நகர், விட்டல்வாடி கடந்து கல்யாண் நெருங்கும்போது முடிகிற பாட்டு எது? கிரீன் டேயின் 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'. 2004-இல் வந்த 'அமெரிக்கன் இடியட்' ஆல்பத்தில் உள்ளது. ஒன்பது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். ஐந்து பகுதிகள் தையல் தெரியாமல் இணைந்த பாட்டு. பெரும்பாலான பங்க் பிள்ளைகள் இதை ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்கள். "நீ கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதன் கட்டுமானத்துக்குப் பேர்தான் ப்ரோக்" என்று சொன்னால் போதும். புதிதாக எதையும் திணிக்காமல், தெரிந்ததற்கு ஒரு பெயர் கொடுக்கிறோம்.

அடுத்த வாரம், கல்யாணில் தொடங்கி தாணேக்கு முன்னால் முடிகிற பாட்டு: நோஃப்எக்ஸ் 1999-இல் போட்ட 'தி டிக்ளைன்'. ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கும் மேல். அசல் பங்க் குழு, அசல் பங்க் கோபம், ஆனால் வேகம் மாறி மாறிப் போகும்; முன்னால் வந்த மெட்டு திரும்ப வரும். இதை முழுதாகக் கேட்ட பிள்ளைக்கு நீளத்தைப் பற்றிய பயம் போய்விடும்.

இங்கே ஒரு முக்கியமான உத்தி. நானும் அவளும் ஒரே வண்டியில் ஏறுவோம். அவள் பெண்கள் பெட்டியில், நான் பொதுப் பெட்டியில். ஒரே நேரத்தில் ஒரே பாட்டைத் தொடங்குவோம். தாதரில் அவள் இறங்கி, மாட்டுங்காவுக்கு ஸ்லோ வண்டி மாறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இரண்டு நிமிடம் பேசுவோம். அவள் முகத்தை நான் பார்க்க முடியாது. அதனால்தான் அவளால் நிம்மதியாகக் கேட்க முடிந்தது. கூடவே கேளுங்கள், ஆனால் எதிரே உட்காராதீர்கள்.

இப்போதுதான் அசல் ப்ரோக்குக்கு வர வேண்டும். நான் சொல்லும் முதல் ஆல்பம் கிங் கிரிம்சனின் 'ரெட்', 1974-இல் வந்தது. ஐந்தே பாடல்கள், 40 நிமிடம். தலைப்புப் பாட்டில் பாடகரே இல்லை. இரும்பை இழைக்கிற மாதிரி கிடார். அம்பர்நாத் தொழிற்பேட்டைப் பட்டறைகளின் வழியாக நடந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒலி அந்நியம் இல்லை. கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்' 12 நிமிடம். சோகமான மெதுவான பாட்டாகத் தொடங்கும். நடுவில் எல்லாம் அடங்கி, ராபர்ட் ஃப்ரிப் கிடாரில் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். பிறகு கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே. கீழே பாஸ் கிடார் 13 எண்ணிக்கையில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு நிமிடத்துக்கு மேல் அந்த இறுக்கம் ஏறி ஏறி, கடைசியில் வெடிக்கும். ஒரே ஸ்வரத்தை இவ்வளவு கோபத்தோடு வாசிக்கலாம் என்று தெரிந்தவர் அலங்காரத்துக்காக வாசிப்பவர் அல்ல. பங்க் பிள்ளை இதை உடனே புரிந்துகொள்ளும். என் மருமகள் தாதர் பிளாட்பாரத்தில் இறங்கிச் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஒரு நோட்டு, மாமா!"

ஃப்ரிப்பைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு பாலமும் கிடைக்கும். ராமோன்ஸ் வாசித்த அதே நியூயார்க் சிபிஜிபி கிளப்பிலிருந்து வந்த டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 1979 ஆல்பத்தில் 'ஐ ஸிம்ப்ரா' என்ற பாட்டுக்கு அவர் கிடார் வாசித்திருக்கிறார். அங்கிருந்து கிங் கிரிம்சனின் 1981 ஆல்பமான 'டிசிப்ளின்' ஒரு எட்டுதான்.

அதன்பின் கோபத்தைப் பின்தொடருங்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' 1977 ஜனவரியில், பங்க் வெடித்த அதே ஆண்டில், வந்தது. நாய், பன்றி, ஆடு என்று மூன்று நீண்ட பாட்டுகள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யைத் தழுவிய எண்ணம். இங்கிலாந்தில் ஒழுக்கக் காவலராக வலம்வந்த மேரி வைட்ஹவுஸைப் பெயர் சொல்லியே தாக்கும் பாட்டு அதில் இருக்கிறது. லைடனின் டி-ஷர்ட்டை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்டால், இரண்டு பக்கமும் ஒரே ஆட்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். ரஷ் குழுவின் '2112' கேட்கலாம்: 1976, இருபது நிமிடப் பாட்டு. இசையைக் கட்டுப்படுத்திய ஆட்சியில் ஒருவன் கிடாரைக் கண்டெடுக்கும் கதை. அதற்கு முந்தைய ஆல்பம் விற்காததால் கம்பெனி சின்னப் பாட்டாகக் கேட்டது. குழு மறுத்துவிட்டு இதைப் போட்டது. பங்க் மனசு வேறு என்ன?

கம்பெனிகளை எதிர்த்ததைப் பற்றிப் பேசினால் ஹென்றி கௌ குழுவைச் சொல்லாமல் விட முடியாது. 1978 மார்ச்சில் லண்டனில் ஐரோப்பாவின் ஐந்து குழுக்களைச் சேர்த்து 'ராக் இன் ஆப்போசிஷன்' என்ற மேடையை அமைத்தார்கள். பெரிய கம்பெனிகள் தொட மறுத்த சிக்கலான இசையைத் தாங்களே அச்சடித்து, தாங்களே விற்று, தாங்களே கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். 'நீயே செய்' என்ற பங்க் கொள்கையை ப்ரோக் பக்கத்திலிருந்து நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். இசை கடினம்; ஆறு மாதம் கழித்துக் கொடுங்கள்.

இந்தக் காலத்துக் குழு வேண்டுமென்றால் தி மார்ஸ் வோல்டா. டெக்சாஸ் எல் பாசோவின் அட் தி டிரைவ்-இன் என்ற ஆவேசக் குழு 2001-இல் உடைந்து, அதில் இருவர் தொடங்கியது. 2003-இல் வந்த முதல் ஆல்பம் கோமாவில் கிடக்கும் ஒருவனின் கதை. பங்க் கத்தலும் ப்ரோக் கணக்கும் ஒரே மூச்சில் வரும். சில பிள்ளைகளுக்கு இது ஒன்றே போதும், மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

ஏழு எண்ணக் கற்றுக்கொடுங்கள்

இந்த அத்தியாயத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ப்ரோக் ஏன் சிலருக்குத் தலைசுற்றல் தருகிறது? பங்க் பெரும்பாலும் நாலில் ஓடும். ஜானி ராமோன் கிடாரை மேலிருந்து கீழே மட்டும் வெட்டிக்கொண்டே போவார், கால் தானாகத் தாளம் போடும். ப்ரோக்கில் அது திடீரென்று ஐந்தாகும், ஏழாகும், ஒன்பதாகும். கால் தவறும். தவறிய கால் எரிச்சலாக மாறும். மேற்கே உள்ள பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகம் வேண்டும். நம் பிள்ளைக்கு வேண்டாம். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நாலு. தகதகிட ஐந்து. தகிட தகதிமி என்று சேர்த்தால் ஏழு. அதுதான் மிஸ்ர சாபு. தகதிமி தகதகிட ஒன்பது. இவ்வளவுதான் முழு ரகசியமும்.

பயிற்சிக்குப் பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் கல்லாப்பெட்டிச் சத்தம், சில்லறைச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம் எல்லாம் ஒரு சுற்றாக வரும். டேப்பை அளந்து வெட்டி ஒட்டிச் செய்த சுற்று அது. எண்ணிப் பாருங்கள், ஏழு. பாட்டும் ஏழிலேயே போகும். சாக்ஸஃபோன் தனியாக வாசிப்பதும் ஏழுதான். அது முடிந்து கிடார் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் தாளம் நாலுக்கு மாறும். பிறகு திரும்ப ஏழு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இதைப் போட்டுவிட்டு, அவளிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "எங்கே மாறுதுன்னு கை தூக்கு." அவள் காலையில் கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துவைத்து விரலால் தட்டத் தொடங்கினாள். மூன்று, நாலு, மூன்று, நாலு. முதலில் இரண்டு முறை வழுக்கியது. உள்ளே அவித்த பயறு தோல் எடுத்துக்கொண்டிருந்த ஆச்சி, என் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குத் திருப்புகழ் பாடப் போய்ப் பழகிய கை அது. அருணகிரிநாதர் சந்தத்தில் ஐந்தும் ஏழும் ஒன்பதும் சாதாரணம். ஆச்சி தொடையில் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, இது மிஸ்ர சாபுல்லா? எதுக்கு இம்புட்டு முழிக்கே?" அதன்பின் டப்பா வழுக்கவில்லை. கிடார் நுழைந்தது. இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் மேலே போனது. "மாமா, நாலுக்கு மாறிட்டு!"

அந்த நொடியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். 2007 பிப்ரவரியில் ரோஜர் வாட்டர்ஸ் மும்பைக்கு வந்து பாந்த்ரா-குர்லா வளாக மைதானத்தில் இதே பாட்டைப் பாடியபோது, என்னைச் சுற்றி நின்றவர்கள் நாலில் கைதட்டிப் பார்த்து, தவறி, நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு ஓர் ஆச்சி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

திருப்புகழ் இல்லாத வீடென்றால் வேறு வாசல் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்களில் பறையும் உறுமியும் கேட்டு வளராத பிள்ளை குறைவு. கோயில் கொடை அன்று உறுமி எந்த இடத்தில் வேகம் மாறும், சாமியாட்டம் எந்த அடியில் ஏறும் என்பது அந்தப் பிள்ளையின் உடம்புக்குத் தெரியும். "உனக்கு இது ஏற்கெனவே தெரியும்" என்று சொல்லித் தொடங்குங்கள். உண்மையும் அதுதான்.

நீண்ட பாட்டுக்கும் இதே வழிதான். காலை கர்ஜத் லோக்கலில் தாளமும் டோலக்கும் வைத்துக்கொண்டு பஜனை மண்டலிக்காரர்கள் ஏறுவார்கள். அபங்கம் மெதுவாகத் தொடங்கும், ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், வேகம் பிடிக்கும், கடைசியில் பெட்டியே அதிரும். இருபது நிமிடம் போனதே தெரியாது. சண்முகானந்தா அரங்கில் ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் ஓடினாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' 1972-இல் வந்தது, 23 நிமிடம். அதைக் கொடுக்கும்போது பஜனையை நினைவூட்டுங்கள்: தொடக்கத்தில் வரும் மெட்டு எங்கே திரும்பி வருகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கடைசிக்கு முந்தைய பகுதி ஒன்பதில் ஓடும். பிள்ளைக்குத்தான் இப்போது எண்ணத் தெரிந்துவிட்டதே.

நம் பக்கத்துக் குழுக்கள்

இங்கிலாந்துப் பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போனால் பிள்ளைக்கு இது யாரோ எங்கோ செய்தது என்று தோன்றும். கொச்சியின் மதர்ஜேன் 2008-இல் போட்ட 'மக்தூப்' ஆல்பத்தைக் கொடுங்கள். பைஜு தர்மஜன் கிடாரில் கமகம் கொடுப்பதைக் கேட்டால் ஆச்சியும் உட்காருவார். பெங்களூரின் அகம் 2012-இல் 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்' போட்டது. கர்நாடக இசையையும் ராக்கையும் ஒரே அடுப்பில் ஏற்றியவர்கள். மும்பையிலேயே கோஷிஷ் இருக்கிறது. 2013-இல் வந்த 'ஃபிர்தௌஸ்' இந்தியில் முழுநீள ப்ரோக் ஆல்பம். நம் பிள்ளைகளுக்கு இந்தி வரிகள் நேரே மனதுக்குள் போகும்.

என் அபிப்பிராயம்: பங்க் பிள்ளைக்கு இவற்றில் மதர்ஜேனைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அகம் மிக அழகு, ஆனால் அந்த அழகே முதலில் பங்க் காதைத் தள்ளி நிற்கவைக்கும். ஆறு மாதம் போகட்டும்.

ப்ரோக் அல்லாத இரண்டு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளை தேடுவது தாளக் கணக்கை மட்டும் அல்ல, தன் குரலையும்தான். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்த அந்த மேடையின் கோபம் எந்த லண்டன் பங்குக்கும் குறைந்ததல்ல. தாராவியின் டோப்அடெலிக்ஸ் அதே ஆண்டு சந்தோஷ் நாராயணன் இசையில் 'காலா' படத்தில் பாடினார்கள். தாராவி சந்துகளில் வளர்ந்து தமிழில் ராப் பாடுகிறவர்கள். பிள்ளை நாளை கிடார் எடுத்தால் எந்த மொழியில் பாடும் என்ற கேள்வியை இவர்கள் எழுப்புவார்கள். அது நல்ல கேள்வி.

சில சில்லறை விஷயங்கள்

போன் ஸ்பீக்கரில் ப்ரோக் போடாதீர்கள். பாஸ் கிடார் காணாமல் போகும், பாதிப் பாட்டு போச்சு. சாதாரண ஒயர் இயர்போன் போதும். அம்பர்நாத்–கல்யாண் இடையில் சிக்னல் அவ்வப்போது கையை விரிக்கும், ஆகவே பாட்டை முதல் நாள் இரவே டவுன்லோடு செய்து வைக்கச் சொல்லுங்கள். நடுவில் நின்றால் 18 நிமிடப் பாட்டின் இறுக்கமெல்லாம் வீண். ஷஃபிளை அணைத்துவையுங்கள். வாசலில் தொங்கிக்கொண்டு ஹெட்போன் போடக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தண்டவாளம் தாண்டும்போதும் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கச்சேரிக்குக் கூட்டிப்போவது எல்லாவற்றையும்விட நல்லது. எங்கள் காலத்தில் தோபி தலாவ் ரங் பவன் இருந்தது. 1986-இல் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவுக்கு அங்கே போய் நின்றுதான் என் தலைமுறை ராக் கற்றது. இப்போது மேடைகள் லோயர் பரேல் பக்கம் போய்விட்டன. வயது வரம்பு, நுழைவுக் கட்டணம், திரும்பி வர கடைசி கர்ஜத் வண்டி எத்தனை மணிக்கு, மூன்றையும் முன்கூட்டியே பாருங்கள். பிள்ளையின் அம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடைசி வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் கடைசிப் பாட்டை விட நேர்ந்தால் விட்டுவிடுங்கள்.

யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் இருந்த ஓர் அடிக்குறிப்பிலிருந்து பிறந்தது. நம் ஊர் சம்பந்தம் என்ற பெருமையில் அதை முதலில் கொடுக்க ஆசை வரும். 1973-இல் வந்தது, நான்கு பாட்டு, 80 நிமிடத்துக்கு மேல். பங்க் பிறந்ததற்கே இதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடைசியாகக் கொடுங்கள், கொடுக்காமல் விட்டாலும் குற்றமில்லை.

மூன்று மாதம் கழித்தும் பிள்ளை "வேணாம் மாமா, எனக்கு ராமோன்ஸே போதும்" என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அது தோல்வி அல்ல. 29 நிமிடத்தில் 14 பாட்டு என்பதும் முழுமையான கலைதான்.

இன்னொன்று. வாரம் ஒரு பாட்டு நீங்கள் கொடுத்தால், வாரம் ஒரு பாட்டு பிள்ளை உங்களுக்குக் கொடுக்க வேண்டும், அதை நீங்கள் கடைசிவரை கேட்க வேண்டும். என் மருமகள் கொடுத்துத்தான் ஃபக்டு அப் என்ற டொராண்டோ குழுவின் 2011 ஆல்பத்தையும், கார்டியாக்ஸ் என்ற ஆங்கிலக் குழுவையும் நான் கேட்டேன். கார்டியாக்ஸை பங்க் என்பதா ப்ரோக் என்பதா என்று நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை; தாதர் பிளாட்பாரத்தின் இரண்டு நிமிடம் அதற்குப் போதவில்லை.

நாளைக் காலை பிள்ளை ரயில் ஏறுமுன் 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா' சுட்டியை அனுப்புங்கள். கூடவே ஒரு வரி போதும்: "கல்யாண் வர்றதுக்குள்ள எத்தனை பாட்டு வந்துதுன்னு எண்ணிச் சொல்லு."